செர்லெட்டியின் பெட்டியும் எங்க பெரியம்மாவும்

1938 ஏப்ரல் மாசம். ரோம் ரயில் நிலையத்துல டிக்கெட் இல்லாம, கிளம்பப் போற ரயில்கள்ல ஏறி இறங்கிக்கிட்டிருந்த ஒருத்தரை போலீஸ் பிடிச்சது. வயசு 39. சொந்த ஊர் மிலான். யாருக்கும் புரியாத ஏதோ ஒரு பாஷையில தனக்குத்தானே பேசிக்கிட்டிருந்தார். போலீஸ் அவரைப் பல்கலைக்கழக மனநல மருத்துவமனைக்கு அனுப்பி வெச்சுது. விசாரிச்சதுல அவர் தொழில் என்னன்னு தெரிஞ்சது. என்ஜினியர். ஆமா, நம்ம ஆளுதான்.

சில நாள் கழிச்சு அந்த என்ஜினியரோட நெத்திப்பொட்டு ரெண்டுலயும் எலெக்ட்ரோட் வெச்சு கரண்ட் பாய்ச்சினாங்க. நம்ம சினிமாவுல பைத்தியக்கார ஆஸ்பத்திரி சீன்னா உடனே காட்டுற ஷாக் ட்ரீட்மென்ட் உலகத்துலயே முதல் தடவையா நடந்தது இவருக்குத்தான். நடத்தியவர் பேர் ஊகோ செர்லெட்டி. இந்த இதழுக்கு அவரைப் பத்தி எழுதறேன்னு சொன்னப்ப எடிட்டோரியல் டீம்ல எல்லாரும் ஏன்னு கேட்டாங்க. டெஸ்லா, ராமானுஜன்னு யாராவது கிடைக்கலையான்னாங்க. காரணம் இருக்கு. சொல்றேன்.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். 2020ல நாங்க பத்தாவது. பரீட்சையே எழுதாம பாஸான பேட்ச்னு இன்னிக்கும் ஜூனியர்ஸ் கலாய்க்கிற அதே பேட்ச்தான். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு மேல ஏலக்காயை நம்பித்தான் பொழப்பு. விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புல ஆளுங்களை அடைச்சுக்கிட்டு போடிமெட்டு வழியா மேலே இடுக்கி பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவாங்க, சாயங்காலம் திரும்புவாங்க. கொரோனா வந்ததும் எல்லையை மூடிட்டாங்க. ஜீப் நின்னுச்சு. தினக்கூலிக்காரங்க வீட்ல அடுப்பும் கிட்டத்தட்ட நின்னுச்சு.

எங்க பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல அந்த மலைக்குக் காய் எடுக்கப் போனவங்க. அந்த ஜூலை மாசம் பேசுறதை நிறுத்தினாங்க. அப்புறம் சாப்பாடு நின்னுச்சு. கடைசியில ஒரே இடத்துல கண்ணைத் திறந்தபடி, கையை எப்படித் தூக்கி வெச்சோமோ அப்படியே வெச்சுக்கிட்டு உட்கார ஆரம்பிச்சாங்க. மலையில ஏதோ காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு முதல்ல கோடாங்கியைக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் இ-பாஸ் வாங்கி, பக்கத்து மாவட்டத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இதுக்கு கேடடோனியான்னு பேர், லோராசெபாம் ஊசி போட்டுப் பார்ப்போம்னாங்க. ஊசி பாதிதான் வேலை செஞ்சது. அடுத்தது கரண்ட் வைத்தியம்தான்னு டாக்டர் சொன்னப்ப எங்க அண்ணன், அதாவது பெரியம்மா பையன், ஆஸ்பத்திரி வராண்டாவுலேயே உட்கார்ந்து அழுதாரு. அவர் மனசுல ஓடினதும் சினிமா சீன்தானே.

சரின்னு மனசைத் தேத்திக்கிட்டு கையெழுத்துப் போடப் போனா, கொரோனாவால கரண்ட் வைத்தியத்தை நிறுத்தி வெச்சிருக்கோம், எப்ப ஆரம்பிப்போம்னு தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அப்ப இது சுத்தமா புரியல. மெஷின் இருக்கு, பேஷன்ட் இருக்கு, பிளக் பாயின்ட் இருக்கு. மூளைக்குக் கரண்ட் கொடுக்கிறதுக்கும் நுரையீரல்ல வர்ற நோய்க்கும் என்ன சம்பந்தம்? ரொம்ப நாள் கழிச்சு, நாலாவது செமஸ்டர்ல வேற எதையோ தேடப் போய், விடை செர்லெட்டியோட கதைக்குள்ள கிடைச்சது.

செர்லெட்டி பிறந்தது 1877ல, வட இத்தாலியில கோனெலியானோங்கிற ஊர்ல. அது திராட்சைத் தோட்டத்து ஊர். அவங்க அப்பா விவசாய விஞ்ஞானி, அந்த ஊர்ல ஒயின் தயாரிப்பைச் சொல்லித்தர ஒரு பள்ளியையே ஆரம்பிச்சவர். பையன் தோட்டத்துப் பக்கம் போகாம மருத்துவம் படிச்சார். படிப்பை முடிச்சதும் ஜெர்மனியில நிஸ்ல், அல்ஸைமர் மாதிரி பெரிய ஆளுங்க கிட்ட போய் மைக்ராஸ்கோப்ல மூளைத் திசுவைப் பார்க்கக் கத்துக்கிட்டார். அல்ஸைமர்னா ஞாபகமறதி நோய்க்குப் பேர் கொடுத்த அதே அல்ஸைமர்தான். அடிப்படையில செர்லெட்டி நோயாளியை விட ஸ்லைடு கூட அதிக நேரம் இருந்த மனுஷன். இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் பின்னாடி நடந்ததைப் பார்க்கணும்.

முதல் உலகப் போர்ல மலைப்படையில சேர்ந்தார். ஆல்ப்ஸ் பனியில சாம்பல் நிற யூனிஃபார்மோட நிக்கிற சிப்பாய் தூரத்துலேர்ந்தே தெரிவான், அதனால வெள்ளை யூனிஃபார்ம் கொடுங்கன்னு ராணுவத்துக்கு யோசனை சொன்னவர் இவர். குண்டு விழுந்த உடனே வெடிக்காம நேரம் கழிச்சு வெடிக்கிற மாதிரி ஒரு ஃபியூஸையும் வடிவமைச்சார். மூளை டாக்டர் ஒருத்தர் டைம் டிலே ஃபியூஸ் டிசைன் பண்றார்னா அவர் நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்திருக்க வேண்டியவர். போருக்கு அப்புறம் மிலான் பக்கத்துல மொம்பெல்லோங்கிற இடத்துல ஆராய்ச்சி, ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள்ல கழுத்துக்கழலை ஏன் வருதுன்னு தேடல், பிறகு பாரி, ஜெனோவான்னு பேராசிரியர் வேலை. 1935ல ரோம்.

அந்தக் காலத்துல கடுமையான மனநோய்க்கு மருந்துன்னு எதுவுமே கிடையாது. உள்ளே போனவங்கள்ல பலர் உள்ளேயே செத்தாங்க. அதனால டாக்டர்கள் கையில கிடைச்சதையெல்லாம் முயற்சி பண்ணிக்கிட்டிருந்தாங்க. 1917ல வியன்னாவுல வாக்னர்-யாவ்ரெக், மலேரியா வந்த ஒரு சிப்பாயோட ரத்தத்தை எடுத்து, சிஃபிலிஸ் மூளைக்கு ஏறிப் பைத்தியமான நோயாளிகளுக்கு ஏத்தினார். கடும் காய்ச்சல் வந்து சிலர் தெளிஞ்சாங்க. அப்புறம் குயினைன் கொடுத்து மலேரியாவை அடக்கினார். 1927ல இதுக்கு நோபல் பரிசு! எங்க மலைப்பக்கத்துப் பெருசுங்க குளிர்காய்ச்சல்னாலே இன்னும் பயப்படுவாங்க. அதை ஒருத்தர் ஊசியில எடுத்து வைத்தியமா ஏத்தியிருக்கார்னு சொன்னா எங்க அப்பத்தா நம்ப மாட்டாங்க. ஒரு தொற்றுநோயையே மனநோய்க்கு மருந்தாக்கின காலம் அது. அடுத்த நூறு வருஷத்துக்குள்ள ஒரு தொற்றுநோய் வந்து மனநோய் வைத்தியத்தையே நிறுத்தி வெச்சது. அது பின்னாடி.

1934ல புடாபெஸ்ட்ல மெடுனான்னு ஒருத்தர் வேற வழியில போனார். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒண்ணுக்கொண்ணு எதிரி, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காதுன்னு நினைச்சார். அப்போ செயற்கையா வலிப்பு வரவெச்சா மனச்சிதைவு போகணுமே? எண்ணெயில கரைச்ச கற்பூரத்தை ஊசியா போட்டார். நம்ம சாமி ரூம்ல ஏத்துற அதே சரக்கு. பிறகு கார்டியாசோல்னு வேகமா வேலை செய்யற மருந்துக்கு மாறினார். அவரோட தியரி தப்பு, ரெண்டு நோயும் ஒருத்தருக்கே வரலாம். ஆனா ரிசல்ட் வந்துச்சு. தப்பான ஃபார்முலாவுல சரியான விடை வந்த கேஸ் இது. பிரச்சினை என்னன்னா, ஊசி போட்டதுக்கும் வலிப்பு வர்றதுக்கும் நடுவுல நோயாளிக்கு உயிர் போற மாதிரி ஒரு பயங்கரம் வரும். ஒரு தடவை அதை அனுபவிச்சவங்க அடுத்த ஊசியைப் பார்த்தாலே ஓடுவாங்க.

இங்கதான் செர்லெட்டி வர்றார். வலிப்பு வந்தா மூளையில என்ன சேதம் ஆகுதுன்னு பார்க்க அவர் ஏற்கெனவே நாய்களுக்குக் கரண்ட் கொடுத்து வலிப்பு வரவெச்சுக்கிட்டிருந்தார். ஆனா நிறைய நாய் செத்துப்போச்சு. ஒரு எலெக்ட்ரோடை வாயிலயும் இன்னொண்ணை ஆசனவாயிலயும் வெச்சிருந்தாங்க. சர்க்யூட்டை நீங்களே வரைஞ்சு பாருங்க, கரண்ட் போற வழியில நட்ட நடுவுல இதயம் இருக்கு. செர்லெட்டியோட உதவியாளர் லூச்சோ பீனிங்கிற இளம் டாக்டர் இதைக் கவனிச்சார். தலையோட ரெண்டு பக்கத்துலயும் வெச்சா கரண்ட் தலையோட முடிஞ்சிரும், இதயத்துக்குப் போகாது. நமக்கு இது ஃபர்ஸ்ட் இயர் விஷயம். அன்னிக்கு அந்த ஒரு மாற்றத்தாலதான் இந்த வைத்தியமே சாத்தியமாச்சு.

இருந்தாலும் மனுஷனுக்குக் கொடுக்க செர்லெட்டிக்குத் தைரியம் வரல. அமெரிக்காவுல மரண தண்டனைக்கு மின்சார நாற்காலி இருந்த காலம் அது. அப்பத்தான் ரோம் கசாப்புக்கூடத்துல பன்றிகளைக் கரண்ட் வெச்சுத்தான் கொல்றாங்கன்னு கேள்விப்பட்டு நேர்லயே போனார். போய்ப் பார்த்தா சேதி வேற. பெரிய இடுக்கி மாதிரி ஒரு கருவியால பன்றியோட தலையில கரண்ட் வைப்பாங்க. அது வலிப்பு வந்து விழும். மயக்கத்துல கிடக்கும்போது கழுத்தை அறுப்பாங்க. அறுக்காம விட்ட பன்றி கொஞ்ச நேரத்துல எழுந்து கூட்டத்தோட போய்ச் சேர்ந்துக்கும். அப்போ கொல்றது கத்திதான், கரண்ட் இல்ல. செர்லெட்டியும் ஆளுங்களும் அங்கேயே பன்றிகள்கிட்ட டெஸ்ட் பண்ணாங்க. வலிப்பு வர்ற அளவுக்கும் உயிர் போற அளவுக்கும் நடுவுல நிறைய இடைவெளி இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. சேஃப்டி மார்ஜின்னு நாம படிக்கிறோமே, அதை ஒரு பன்றிக் கசாப்புக்கூடத்துல அளந்திருக்காங்க.

பீனி பெட்டியைச் செஞ்சார். வோல்டேஜை ஏத்தி இறக்க ஒரு ஏற்பாடு, வோல்ட்மீட்டர், நொடியில ஒரு பங்கு நேரத்துல கரண்ட்டைத் தானா நிறுத்துற டைமர். அவ்வளவுதான் உள்ளே. நம்ம லேப்ல ரெண்டு பீரியட்ல போட்டுடலாம். அந்த ஒரிஜினல் பெட்டி இன்னும் ரோம்ல சபியென்சா பல்கலைக்கழகத்து மருத்துவ வரலாறு அருங்காட்சியகத்துல இருக்கு.

இப்போ அந்த என்ஜினியர் கிட்ட திரும்புவோம். வெளியே யாருக்கும் தெரியாம, கதவுக்குக் காவல் போட்டு நடத்தின சோதனை அது. முதல் தடவை சுமார் 80 வோல்ட், ஒரு நொடியில கால்வாசிக்கும் குறைவான நேரம். உடம்பு உதறுச்சு, ஆனா வலிப்பு வரல. அவர் பாட்டுப் பாட ஆரம்பிச்சிட்டார். இன்னொரு தடவை கொடுக்கலாமா, நாளைக்குப் பார்க்கலாமான்னு டாக்டர்கள் தங்களுக்குள்ள பேசிக்கிட்டிருந்தப்போ, அதுவரைக்கும் உளறிக்கிட்டிருந்த மனுஷன் திடீர்னு தெளிவான இத்தாலியன்ல, இன்னொண்ணு வேண்டாம், செத்துப்போயிடுவேன்னு சொல்லியிருக்கார்.

செர்லெட்டி நிறுத்தல. வோல்டேஜைக் கூட்டி மறுபடியும் கொடுத்தார்.

இந்த இடத்தைப் படிச்சிட்டு நான் லேப்டாப்பை மூடி வெச்சிட்டேன். அன்னிக்கு யாரும் அவர்கிட்ட சம்மதம் கேட்கல. அவரா வாயைத் திறந்து வேண்டாம்னு சொன்னதையும் எடுத்துக்கல. அந்தக் காலத்துல அப்படித்தான்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. அதே சமயம் அந்த ரெண்டாவது ஷாக் நடக்கலைன்னா 2020ல எங்க பெரியம்மா என்ன ஆகியிருப்பாங்கன்னும் தெரியல. ரெண்டையும் ஒண்ணா மனசுல வெச்சுக்க இன்னும் பழகல.

ரெண்டாவது தடவை முழு வலிப்பு வந்துச்சு. கூடவே மூச்சு நின்னுச்சு. முகம் நீலமாச்சு. சுத்தி நின்ன எல்லாரும் அவரோட நெஞ்சையே பார்த்துக்கிட்டு நொடியை எண்ணிக்கிட்டிருந்தாங்களாம். கடைசியில ஒரு பெரிய மூச்சு உள்ளே போச்சு. எல்லாருக்கும் உயிர் வந்துச்சு. பதினோரு தடவை முழுசா வலிப்பு கொடுத்த பிறகு அவர் தெளிவா பேசினார், ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதமே ரோம் மருத்துவக் கழகத்துல முடிவை அறிவிச்சாங்க. ரெண்டு மூணு வருஷத்துல போரையும் தாண்டி உலகம் முழுக்கப் பரவிச்சு. ரொம்ப சுலபமா இருந்ததுதான் அதோட பலம், அதுவேதான் ஆபத்தும். மயக்க மருந்து இல்ல, ஒரு பெட்டி, கையைக் காலைப் பிடிக்க நாலு பேர், முடிஞ்சது. வலிப்போட வேகத்துல முதுகெலும்பு முறிஞ்சவங்க உண்டு. நோய்க்குன்னு இல்லாம, அடங்காதவங்களை அடக்குறதுக்கும் பல இடத்துல பயன்படுத்தினாங்க. சினிமா எடுத்துக்கிட்டது இந்தக் காலத்தைத்தான்.

எலும்பு முறியாம இருக்கணும்னா தசை இழுக்கக் கூடாது. 1940ல அமெரிக்காவுல பென்னெட், தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில தடவுற குராரேங்கிற விஷத்தை அளவாக் கொடுத்துத் தசையைத் தளர்த்திட்டு ஷாக் கொடுத்தார். 1950களின் தொடக்கத்துல சக்சினைல்கோலின் வந்துச்சு. சில நிமிஷம் மட்டும் வேலை செஞ்சிட்டுப் போயிடும். இந்த வகை மருந்துகளை ஆராய்ஞ்சு 1957ல நோபல் வாங்கின டேனியல் போவே வேலை பார்த்ததும் அதே ரோம்லதான். தசை தளர்ந்து கிடக்கிறது நோயாளிக்குத் தெரிஞ்சா அது இன்னும் பெரிய கொடுமை, அதனால முன்னாடியே மயக்க மருந்து. இன்னிக்கு ECT ரூமுக்குள்ள போனா ஒரு ஆள் தூங்கிக்கிட்டிருப்பார், கால் விரல் லேசா ஆடும், அவ்வளவுதான் வலிப்பு. உள்ளே மூளையில நடக்கிறதை EEG பேப்பர்லதான் பார்க்கணும். மெஷினும் மாறிடுச்சு. பீனியோட பெட்டி சுவர் பிளக்ல வர்ற சைன் வேவ்வையே கொடுத்துச்சு. இப்போ சின்னச் சின்ன பல்ஸ், கான்ஸ்டன்ட் கரன்ட், சுமார் 800, 900 மில்லிஆம்பியர். ஆளுக்கு ஆள் மண்டையோட்டு ரெஸிஸ்டன்ஸ் மாறும்ங்கிறதால வோல்டேஜை ஃபிக்ஸ் பண்றதை விட கரண்ட்டை ஃபிக்ஸ் பண்றதுதான் சரி. இதனால ஞாபகமறதி குறைஞ்சிருக்கு. முழுசா போகல.

இப்போ என் பழைய கேள்விக்கு விடை. சக்சினைல்கோலின் எல்லாத் தசையையும் தளர்த்தும். மூச்சு விடற தசையையும் சேர்த்து. அதனால அந்தச் சில நிமிஷம் மயக்க மருந்து டாக்டர் முகத்துல மாஸ்க்கை அழுத்தி, பையை அமுக்கி அமுக்கி ஆக்சிஜன் கொடுக்கணும். அமுக்கறப்ப ஓரத்துல கசியற காத்துல நோயாளியோட மூச்சுத்துளி ரூம் முழுக்கப் பரவும். முழிச்சு வரும்போது இருமல் வேற. 1938ல அந்த என்ஜினியரைச் சுத்தி நின்னவங்க மூச்சு திரும்பணும்னு எண்ணிக்கிட்டிருந்தாங்க. 2020ல சுத்தி நின்னவங்களுக்கு அந்த மூச்சே பயமாயிடுச்சு. வைத்தியத்தைப் பாதுகாப்பாக்கச் சேர்த்த அதே விஷயம்தான் தொற்றுக் காலத்துல அதை ஆபத்தாக்கிச்சு.

அப்போ மயக்க மருந்தை விட்டுட்டுப் பழைய மாதிரி கொடுக்கலாமே? கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாம ECT கொடுக்கிறதைத் தடை செஞ்சிருக்கு. குறுக்கு வழி அடைச்சாச்சு. அடைச்சதுதான் சரி. அதனால உலகம் முழுக்கப் பல ஆஸ்பத்திரிகள் 2020ன் முதல் மாசங்கள்ல ECTயைக் குறைச்சாங்க, சில இடத்துல நிறுத்தியே வெச்சாங்க. மயக்க மருந்து டாக்டர்களை ஐ.சி.யு. இழுத்துக்கிச்சு. அவசரமில்லாத சிகிச்சைங்கிற லிஸ்ட்ல இதையும் சேர்த்துட்டாங்க. சாப்பாடு தண்ணியே இறங்காம உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு இது எப்படி அவசரமில்லாததாகும்? இன்னிக்கு நினைச்சாலும் கோபம் வருது. ஆனா கவசம் கூட இல்லாம அந்த மூச்சுக்குப் பக்கத்துல நிக்கச் சொன்னா நான் நிப்பேனான்னும் கேட்டுக்கிறேன்.

பிறகு மெதுவா வழி கண்டுபிடிச்சாங்க. முன்கூட்டியே கொரோனா டெஸ்ட். மயக்கம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே சில நிமிஷம் சுத்த ஆக்சிஜனை நல்லா இழுக்கச் சொல்லி நுரையீரலை நிரப்பி வெச்சா, அப்புறம் பையை அமுக்கவே வேண்டாம், இல்லைன்னா கொஞ்சமா அமுக்கினா போதும். மாஸ்க்குக்கும் பைக்கும் நடுவுல வைரஸ் ஃபில்டர். ஒருத்தர் ரெண்டு கையாலயும் மாஸ்க்கைக் கசியாம பிடிக்க, இன்னொருத்தர் பையைப் பார்த்துக்க. ரூம்ல தேவையான ஆள் மட்டும், எல்லாரும் N95, முகக்கவசம், கவுன். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவுல காத்து மாறற அளவுக்கு இடைவெளி. இதுலயும் ஒரு சிக்கல் உண்டு. பையை வேகமா அமுக்கினா ரத்தத்துல கார்பன் டையாக்சைடு குறையும், வலிப்பு நல்லா வரும். அமுக்காம விட்டா வலிப்பு சின்னதா போக வாய்ப்பிருக்கு. ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் திறக்கிற போர்வை மாதிரி.

பெரியம்மாவுக்கு மூணு வாரம் கழிச்சு ஆரம்பிச்சாங்க. அந்த மூணு வாரமும் மூக்குல டியூப் போட்டு, அண்ணன் ஒருத்தர் மட்டும் கூட இருந்தார். சம்மதப் பத்திரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொண்ணா விளக்கினாங்களாம். கவச உடையில அவங்க கண்ணு மட்டும்தான் தெரிஞ்சதுன்னு அண்ணன் சொல்வார். நாலாவது தடவைக்கு அப்புறம் பெரியம்மா தண்ணி கேட்டாங்க. ஆறாவது முடிஞ்சதும் அண்ணன்கிட்ட கூலிப் பாக்கி வந்துச்சான்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியை போன்ல சொல்லும்போது அண்ணன் சிரிச்சாரு.

செர்லெட்டி 1948ல ஓய்வு பெற்றார். நோபல் பரிசுக்குப் பல தடவை பேர் போச்சு, கிடைக்கல. ஆச்சரியம் என்னன்னா அவருக்கே தன் கண்டுபிடிப்பு பிடிக்கல. ஒரு மனுஷன் வலிப்புல துடிக்கிறதைப் பார்க்கிறதை அவர் வெறுத்தார். வலிப்பு வரும்போது உயிரைக் காப்பாத்த மூளை ஏதோ ஒரு பொருளைச் சுரக்குது, அதைப் பிரிச்செடுத்து ஊசியா போட்டுட்டா ஷாக்கே தேவையில்லைன்னு நம்பினார். ஷாக் கொடுத்த பன்றிகளோட மூளையிலேர்ந்து சாறு எடுத்து, அக்ரோஅகோனின்னு பேரும் வெச்சு வருஷக்கணக்கா தேடினார். அப்படி ஒண்ணு கிடைக்கவே இல்ல. 1963 ஜூலையில ரோம்லயே இறந்தார். பீனி அதுக்கு அடுத்த வருஷம்.

பெரியம்மா இப்ப மறுபடி மலைக்குப் போறாங்க. மாத்திரையை விடறதில்ல. 2020 ஜூலையிலேர்ந்து ரெண்டு மாசம் அவங்களுக்கு ஞாபகமே இல்ல. போன தீபாவளிக்குப் போனப்ப பீனியோட பெட்டி போட்டோவை மொபைல்ல காட்டினேன். ரேஷன் கடைத் தராசு மாதிரி இருக்குன்னாங்க. ரயில் நிலையத்து என்ஜினியர் கதையையும் சொன்னேன். ஏலக்காய் தரம் பிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அவர் குணமாகி வீட்டுக்குப் போனாரான்னாங்க. போனார், மிலான்ல பொண்டாட்டிகிட்ட போய்ச் சேர்ந்தார்னு சொன்னேன்.

கொஞ்ச காலம் கழிச்சு அவருக்கு நோய் திரும்ப வந்ததை நான் இன்னும் சொல்லல.